வேறு மரம்

“தப்புன்னு தெரிஞ்சே எழுதுவேங்கற. இது எந்த ஊரு நாயம், கோகிலா? நீ படிச்ச—”

“சரியா எழுதுனா உள்ளயே விடமாட்டேங்கறாங்க நங்கை, அதத்தானே காலைல இருந்து—”

“—நீ படிச்ச படிப்புக்கு, ஒரு மனுசனோட மூச்சை ஒழுங்கா எழுதத் தெரியலைன்னு—”

“—தெரியுங்க. எழுதிட்டேன். அது என்னுது இல்லைங்கறாங்க.”

துளசிமணி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். சூரம்பட்டியில் அந்த வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. உள்ளறையில் அவள் கணவர் சென்னிமலை படுத்திருந்தார். கோகிலவாணி அவருடைய தங்கை. அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நாத்தியும் நங்கையும் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை என்று ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அன்று தெருவே கேட்டது.

சென்னிமலை மஞ்சள் மண்டியில் ஏலம் கூறுபவராக இருந்தவர். விலையைத் திரையில் ஓடவிடும் கருவிகள் வந்து எத்தனையோ காலமாகியும், அந்த மண்டி வியாபாரிகள் மட்டும் அவர் குரல் வேண்டும் என்று அடம்பிடித்து வைத்திருந்தார்கள். ஒருநாள் மூட்டை அடுக்கின் மேலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று. மூச்சும் போயிருக்கவேண்டியது. தோள்பட்டைக்கு அடியில், தோலுக்குள் வைத்துத் தைத்த ஒரு சின்னப் பெட்டி நரம்பைத் தட்டித் தட்டி அவருக்கு மூச்சு வாங்கித் தந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஓடும் கணினி நிரலை எழுதியவள் கோகிலவாணி. அண்ணன் விழுவதற்குப் பல வருடம் முன்பே, தான் வேலை பார்த்த கம்பெனியில், முகம் தெரியாத யாருக்காகவோ எழுதியது. அதற்கு முன்பிருந்த பெட்டிகள் கடிகாரம் போல மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அவற்றை இப்போது யாரும் செய்வதில்லை. இவளுடையது கொடுக்கும் முன் கேட்கும். கழுத்துத் தசை இறுகியிருந்தால் ஆள் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வாக்கியம் முடியட்டும் என்று பொறுக்கும். அந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை வைத்திருந்தாள். எல்லை தாண்டினால், பேச்சு முடியாவிட்டாலும் மூச்சைக் கொடுத்துவிடும். கேள், பொறு, எல்லை வந்தால் கொடு. அவ்வளவுதான் அந்த நிரல். அதனால்தான் சென்னிமலை படுத்த படுக்கையிலும் பேச்சுக் குறையாமல் இருந்தார்.

அந்தக் கம்பெனி கைமாறிவிட்டது. வாங்கியவர்களுக்குப் பெட்டி வேண்டாம், அதற்குள் இருந்த நிரல்களின் உரிமை மட்டும் வேண்டும். ஆனி மாதத்தோடு அனுமதி முடிகிறது, அதற்குப் பிறகு அந்த நிரல் எந்தப் பெட்டியிலும் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, தொண்டையில் துளை போட்டுப் பெரிய மெஷினோடு இணைத்து வார்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டுக்கு வரமுடியாது. குரலும் வராது. சட்டம் ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. நோயாளியின் வீட்டார் தாங்களே ஒரு நிரல் எழுதிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது வேறு யாருடையதும் அல்ல என்று பதிவகம் சான்று தரவேண்டும்.

துளசிமணிக்கு இதில் ஒரு பாதிதான் பிடிபட்டது. பேரை மாற்று, முன்னால் இருப்பதைப் பின்னால் போடு, அதற்கு ஏன் இந்தப் பாடு என்றாள். ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று கோகிலவாணி விளக்கினாள். அப்போது இரண்டு நிரலை வரிக்கு வரி வைத்துப் பார்ப்பார்கள். திருடுகிறவன் பேரை மாற்றி, வரியை இடம் மாற்றித் தன்னுடையது என்பான். எழுதுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்தியபிறகு இந்தப் புது முறை வந்தது. இது வரியைப் படிக்காது. எது எதைச் சார்ந்து நிற்கிறது, எதிலிருந்து எது பிரிகிறது என்று முழு நிரலையும் ஒரு மரமாக வரைந்துகொண்டு, ஒரு மரத்தை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்க்கும். பேரெல்லாம் அதன் கண்ணில் படாது.

“ஜாக்கெட்டுன்னு வெய்யி,” என்றாள் துளசிமணி. “துணி வேற, நூலு வேற, கொக்கி வேற. அப்பவும் அது அதே ஜாக்கெட்டுத்தானாமா?”

“வெட்டு ஒண்ணா இருந்தா அதேதானுங்க.”

“ரெண்டு கை, ஒரு கழுத்து. வேற எப்படி அம்மிணி வெட்டறது?”

“கழுத்தையே அவங்க பேருல எழுதி வெச்சிருக்காங்க நங்கை.”

துளசிமணி ரவிக்கையை எடுத்து உதறி, திரும்பவும் மெஷினிலேயே வைத்தாள்.

கோகிலவாணி எழுதாமல் இல்லை. எத்தனையோ விதமாக எழுதிப் பதிவகத்துக்கு அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் ‘அதே மரம்’ என்று ஒரே பதில். ஆளுக்கு ஒரு நடை இருப்பதுபோல் தன் கைக்கும் ஒரு நடை இருக்கிறது, எப்படி எழுதினாலும் பழைய காலடியிலேயே போய் நிற்கிறது என்று முதலில் நினைத்தாள். அதனால் தன் நிரலைப் பார்த்தே இராத ஒருவரைத் தேடினாள். வாணியம்பாடியில் கல்லூரியில் கணிதம் சொல்லித்தரும் இம்தியாஸ் என்பவர் கிடைத்தார். என்ன வேண்டும் என்பதை மட்டும் வாயால் சொன்னாள். எப்படி என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் எழுதினார். ‘அதே மரம்’.

அவர் போன் செய்தபோது குரலே இறங்கியிருந்தது.

“மேடம், உங்களோடதை நான் பார்க்கவே இல்லை. அல்லா மேல ஆணை.”

“தெரியுங்க சார்.”

“நீங்க கெட்டிக்காரங்கன்னு இது ஒண்ணா வரலை. நானும் கெட்டிக்காரன்னு வரலை. இந்தக் கணக்குக்கு விடை ஒண்ணுதான். ஜப்பான்ல ஒருத்தர் உக்காந்து எழுதினாலும், சரியா எழுதினா இந்த மரம்தான் முளைக்கும். அதை முதல்ல பதிஞ்சவங்க வெச்சிருக்காங்க.”

“அப்ப வழியே இல்லீங்களா?”

“தப்பா எழுதறதுக்கு வழி ஏகப்பட்டது இருக்கு. தப்பை யாரும் பதியறதில்லை,” என்றவர் சற்று நிறுத்தி, “இப்போதைக்கு,” என்றார்.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது என்று அவளே துளசிமணியிடம் சொன்னாள். சிரித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாளாம், எந்தத் தப்போடு ஒரு மனிதன் உயிர் வாழலாம் என்று. பெரும்பாலான தப்புகள் அன்றைக்கே கொன்றுவிடும். மிஞ்சியது இரண்டு. கேட்பதை எடுத்துவிடலாம், அப்போது பெட்டி கடிகாரம் போல ஓடும், ஆள் பேசுகிறாரா இல்லையா என்று பார்க்காது. அல்லது எல்லையை எடுத்துவிடலாம். பெட்டி கேட்கும், பொறுக்கும், பேச்சு முடியும்வரை பொறுத்துக்கொண்டே இருக்கும். இரண்டில் எதை எழுதினாலும் வேறு மரம் என்று தேறும். காலையில் ஆரம்பித்த சண்டை இதில்தான். கோகிலவாணி இரண்டாவதைச் சொன்னாள். அண்ணனிடமிருந்து பேச்சைப் பிடுங்கிவிட்டு என்னத்தை மிச்சம் வைப்பது என்றாள்.

“அந்த ரெண்டாவதுல,” துளசிமணி குரலைத் தணித்துக்கொண்டாள், “தூக்கத்துல பேசுனா?”

“பொட்டி காத்துட்டிருக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

கோகிலவாணி தரையில் கிடந்த நூல்கண்டை எடுத்து மெஷின் மேல் வைத்தாள்.

“எத்தன ராத்திரி தூக்கத்துல ஏலம் கூறறாருன்னு உனக்குத் தெரியுமா? விரலி மஞ்சளு, கெழங்கு மஞ்சளு, எல்லாம் கூறி முடிச்சுட்டுத்தான் விடியும். மூச்சு முட்டுனா முழிச்சுக்குவாரல்ல?”

“முழிச்சா பயத்துல கழுத்து இன்னும் இறுகும் நங்கை. இன்னும் பேசறாருன்னு பொட்டி நெனச்சுக்கும்.”

“இதத் தெரிஞ்சிருந்துமா நீ அத எழுதறேங்கற.” துளசிமணியின் முகம் சிவந்துவிட்டது. “நீ வருவ, ஒரு பொழுது இருப்ப, அண்ணன் பேசறதக் கேட்டுச் சிரிச்சுட்டுப் பஸ் ஏறிருவ. உனக்கு உங்கண்ணன் பேச்சு வேணும். எனக்கு ஆளு வேணும்.”

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. சென்னிமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஏலத்துக்கு வந்த சரக்கு நானு. சரக்க ஒரு வார்த்தை கேக்காம ரெண்டு பேரும் வெலை பேசிட்டிருக்கறீங்க.”

இருவரும் உள்ளே போனார்கள். கோகிலவாணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு தப்பையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கொள்முதல் செய்கிறவரைப்போல நிதானமாகக் கேள்வி கேட்டார். முதலாவதில் அறவே பேசமுடியாதா என்றார். பேசலாம், ஆனால் பெட்டி மூச்சை இழுக்கிற நேரத்தில் வாயில் என்ன சொல் இருந்தாலும் அது உள்ளே போய்விடும் என்றாள். இரண்டாவதில் பகலில் பயம் உண்டா என்றார். விழித்திருக்கும்போது அவரே பேச்சை முடித்துக்கொள்வார், அதனால் பயமில்லை என்றாள். ஆஸ்பத்திரி மெஷினைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

கொஞ்சநேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று மண்டியில் நிற்பதுபோல் குரலெடுத்தார்.

“ஒரு தரம். ரெண்டு தரம்.”

நிறுத்தினார். மனைவி முகத்தைப் பார்த்தார், தங்கை முகத்தைப் பார்த்தார். கழுத்து இறுகியே இருந்தது. பெட்டி பொறுத்தது. அறையில் ஓர் அசைவு இல்லை. எதையாவது சொல்லிவிடலாமா என்று இரண்டு பெண்களுக்குமே நாக்கு துடித்தது.

“மூணு தரம்,” என்றார். “பாத்தியா. இந்த எடவெளிலதான் அம்மிணி நான் பொழச்சது. வெலை ஏறுறது அங்கதான். ரெண்டாவதே எழுது.”

துளசிமணி எழுந்து போய்விட்டாள். கொல்லையில் வெகுநேரம் பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே, இனிமேல் தன் தூக்கத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள்.

“நீங்க தூங்கறப்ப கழுத்து மேல கைய வெச்சுட்டு உக்காந்துக்கறனுங்க மாமா. இறுகுச்சுன்னா எழுப்பி நீவி உடறேன்.”

“கட்டிட்டு வந்த நாளாப் பேசாதீங்க பேசாதீங்கன்னு எழுப்புனவதானே,” என்றார் சென்னிமலை. “இப்பத்தான் அதுக்கு ஒரு காரணம் கெடச்சிருக்குது.”

துளசிமணி சிரித்துவிட்டாள். கோகிலவாணிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவே துளசிமணி பழக ஆரம்பித்துவிட்டாள். பழைய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் ஆபத்து இல்லை, அதனால் இது ஒத்திகை என்றாள். காலையில் கண்ணெல்லாம் சிவந்திருந்தாலும், மூன்று தடவை இறுகியது, மூன்று தடவையும் பிடித்துவிட்டேன் என்று பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி சொன்னாள். பகலில் ஒரு கல்யாணத் துணி தைத்துக் கொடுக்கவேண்டியிருந்தது. தூங்க நேரமில்லை.

கோகிலவாணி எல்லையை எடுத்துவிட்டு நிரலை எழுதி முடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவகத்துக்கு அனுப்பினாள். பதில் வர எப்போதும்போல் அதிக நேரம் ஆகவில்லை.

‘வேறு மரம். அனுமதிக்கப்பட்டது.’

அதற்குக் கீழே வழக்கமான எச்சரிக்கை. இன்று மாலைக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அனுமதி கழிந்துவிடும். மரம் பொதுவுக்கு வரும். யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம்.

அண்ணனிடம் சொல்லத்தான் எழுந்து போனாள். உள்ளறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சென்னிமலை உண்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் துளசிமணி உட்கார்ந்திருந்தாள். அவள் கை அவர் கழுத்தின் மேல் இருந்தது. தலை சரிந்து, வாய் லேசாகத் திறந்து, அவளும் தூங்கிப்போயிருந்தாள். மடியில் இன்னும் ஊசி குத்திய துணி கிடந்தது.

சென்னிமலையின் உதடு அசைந்தது. கனவில் எங்கோ சரக்கு வந்து இறங்கிவிட்டது. கழுத்து நரம்பு மெல்லப் புடைத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற கோகிலவாணிக்கே அது தெரிந்தது. துளசிமணியின் விரல்கள் அந்த நரம்பின் மேலேதான் இருந்தன. விரல் அசையவில்லை.

மார்பு எழும்பவில்லை. கோகிலவாணி காத்திருந்தாள், பெட்டியும் காத்திருந்தது. அவர் முகத்தில் மண்டிக்காரர்களை ஆழம் பார்க்கிற அந்தக் குறும்பு இருந்தது. யாரோ விலையை ஏற்றவேண்டும் என்று அவர் நிறுத்திவைத்திருக்கிறார். யாரும் ஏற்றவில்லை. உதட்டின் நிறம் மாறுவதுபோல் அவளுக்குத் தோன்றியது. பிறகு எல்லை வந்தது. இளவயதில் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்து அவள் வைத்த எல்லை. பெட்டி தட்டியது, மார்பு எழும்பியது, கழுத்து தளர்ந்தது. துளசிமணி தூங்கிக்கொண்டே இருந்தாள்.

கோகிலவாணி சத்தமில்லாமல் முன்னறைக்குத் திரும்பினாள். திரையில் அனுமதி காத்திருந்தது. அதை அவள் தொடவில்லை.

பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, துளசிமணி பதறி எழுந்து வந்தாள். கண்ணசந்துவிட்டேன், இனி அப்படி ஆகாது என்று தானாகவே சொன்னாள். பிறகு, பதில் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

“ஆகலை நங்கை,” என்றாள் கோகிலவாணி. “இதுவும் அதே மரம்னு வந்துருச்சு. முதலாவதுதான் இனி.”

அடுப்படிக்குப் போய் காப்பி வைத்தாள். ஒரு தம்ளரை நங்கை கையில் கொடுத்தாள். உள்ளே போய் அண்ணனிடமும் அதே வார்த்தையைச் சொன்னாள். அவர் சரி என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காத நிரல் தடையில்லாமல் தேறியது. ஆனி முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பெட்டியில் ஏற்றிவிட்டுப் போனார்கள். அதற்குள் இன்னொரு காரியமும் நடந்திருந்தது. கோகிலவாணி பொதுவில் விட்ட மரம் மறுநாள் காலையிலேயே ஒரு கம்பெனி பெயரில் பதிவாகியிருந்தது. எல்லையில்லாமல் பொறுக்கும் மூச்சு இப்போது யாரோ ஒருவருடைய சொத்து. இம்தியாஸிடம் சொன்னாள். அவர் இதைத் தன் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார்.

சென்னிமலை உயிரோடு இருக்கிறார். முதல் சில நாள் பெட்டியோடு போட்டி போட்டுப் பார்த்தார். இரண்டு இழுப்புக்கு நடுவில் எத்தனை சொல் கொள்ளும் என்று எடை போட்டு, சொல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தார். சிரிக்க ஆரம்பித்தால் நடுவில் மூச்சு உள்ளே போய் அது விக்கலாக முடியும். அதனால் சிரிப்பை விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டி சேக்காளிகள் பழக்கூடையோடு வந்தார்கள். விவரம் தெரியாத ஒருவர், ஒரு தரம் கூறுங்க கேட்டு நாளாச்சு என்றுவிட்டார். சென்னிமலை குரலெடுத்தார். ஒரு தரம் வந்தது. ரெண்டு என்றதும் பெட்டி இழுத்தது. மிச்சம் காற்றோடு நெஞ்சுக்குள் போயிற்று. வந்தவர்கள் ஃபேனைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றார்கள். எப்போதும் கேலியாகவே பேசுகிற அவர்கள் அவரிடம் மரியாதையாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அவருக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு வேண்டும், வேண்டாம் என்பதற்குக் கண்ணை மூடித் திறப்பதோடு சரி.

தூக்கத்தில் இப்போதும் கழுத்து இறுகும். பெட்டி அதைக் கவனிப்பதில்லை. துளசிமணி இரவில் நன்றாகத் தூங்குகிறாள். நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்லும்போது அவள் யாரையும் பார்ப்பதில்லை.

ஆடி நோம்பிப் பண்டிகைக்குக் கோகிலவாணி வந்திருந்தாள். முன்னறையில் துளசிமணி தரையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருக்க, இவள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. சென்னிமலை விழித்துத்தான் இருந்தார். பெட்டி தவறாமல் மூச்சை இழுத்து விடும் சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது. இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், ஒறம்பரையில் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தீர்ந்தது. துளசிமணி வெட்டுவதை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தவில்லை.

“மத்ததெல்லாம் ஆகலைன்னு வந்தப்ப அந்த ஆபீஸ்காரங்கள வாய்க்கு வந்தபடி பேசுன. என்ற மடில தலைய வெச்சு அழுத. உங்கண்ணன் கேட்டது ஆகலைன்னு வந்தன்னிக்கு மட்டும் எந்திரிச்சுப் போயி எனக்குக் காப்பி வெச்சுக் குடுத்தயே, ஏன் அம்மிணி?”